பங்குனி ஆமைகளுக்காக: மீன்வளத்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

தை பிறந்துவிட்டால் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் கடலோரம் நடக்கிறவர்களில் நானும் ஒருத்தி. முட்டையிட ஏறிவந்த ஆமையின் தடத்தைத் தேடிக்கொண்டே போவோம். சின்ன டிராக்டர் ஒன்று ஏறி இறங்கியதுபோல் இருக்கும் அந்தத் தடம். அது முடியுமிடத்தில் மணல் இளகிக் கிடக்கும். முழங்கை புதையக் கையை விட்டால் விரலில் தட்டுப்படும், ஈரமான, தோல்போல் மெத்தென்ற முட்டைகள். ஒரு குழியில் நூறு போல இருக்கும். நாயும் நரியும் தொடுமுன் அள்ளிக்கொண்டுபோய்ப் பொரிப்பகத்தில் புதைப்போம்.

2025 ஜனவரியில் தடங்களைவிடப் பிணங்களைத்தான் அதிகம் பார்த்தோம். சென்னையிலும் பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கு மேல் ஒதுங்கின. ஒன்றையே இரண்டு தரம் எண்ணிவிடக் கூடாதென்று ஓட்டின்மேல் பெயின்ட் பூசிக்கொண்டே நடந்தோம். கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. மூச்சுமுட்டிச் செத்த ஆமை அப்படித்தான் இருக்கும். கடலில் வாழ்ந்தாலும் ஆமைக்குச் செவுள் கிடையாது. காற்றுக்கு மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுக்கும் வலையான இழுவை மடிக்குள் மாட்டினால் எப்படி வரும்? ஒன்றின் வயிறு கிழிந்து முட்டைகள் மணலில் சிதறியிருந்தன. அன்றைக்கு அதற்குமேல் என்னால் நடக்க முடியவில்லை.

வனவிலங்குச் சட்டத்தில் பங்குனி ஆமையும் புலியும் ஒரே அட்டவணையில்தான் இருக்கின்றன. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாதென்று உங்கள் துறையின் விதியே சொல்கிறது. முட்டையிட வரும் ஆமைகள் சுற்றித் திரிவதும் அந்த எல்லைக்குள்தான். நாட்டுப்படகுக்காரர்களின் பிழைப்பும் அங்கேதான் என்பதால், விதியைக் காத்தால் அவர்களுக்கும் நல்லது.

நான் கேட்பது இரண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்த 5 கடல் மைலுக்குள் இரவு ரோந்து நிற்காமல் நடக்கட்டும். இழுவை மடிகளில் ஆமை வெளியேறும் கம்பித் தடுப்பைப் பொருத்த அரசே செலவு செய்யட்டும். இறால் கம்பிக்குள் நுழைந்து மடியின் பைக்குள் போய்விடும். ஆமை கம்பியில் முட்டித் திறப்பு வழியாக வெளியேறிவிடும். கூடவே கொஞ்சம் மீனும் போகுமே என்று படகுக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த நட்டத்தை அவர்கள் தலையில் கட்டாதீர்கள், ஈடு கொடுங்கள்.

டிசம்பருக்குள் இதற்கான உத்தரவு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்துசேர வேண்டும். ஜனவரியில் ஆமைகள் வந்துவிடும்.

இப்படிக்கு,
கரையில் நடக்கும் ஒருத்தி