அவுரி நீலமும் நம்ம துண்டும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மாணவத் தோழர்கள் சிலர் ஒரு யோசனை வைக்கிறார்கள். ஏப்ரல் 14க்கு நாம் தோளில் போடுகிற பாலியெஸ்டர் நீலத் துண்டை விட்டுவிட்டு, அச்சுக்கட்டையால் அச்சடித்து இயற்கைச் சாயம் போட்ட பருத்தித் துண்டுக்கு மாற வேண்டுமாம். நஞ்சில்லாத சாயம், கைத்தொழிலாளிக்கு வேலை, நம்ம மரபு என்று மூன்று காரணம் சொல்கிறார்கள். முதல் இரண்டையும் உட்கார்ந்து பேசலாம். மூன்றாவதில்தான் எனக்குச் சண்டை.

இந்தத் துண்டு அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குள் போனதும் 'ஸ்டோல்' ஆகிவிடுகிறது. விலை ஆயிரத்தைத் தாண்டும். சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக நிற்கிற நம்ம பிள்ளை ஒரு நாள் சம்பளத்தில் அதை வாங்க முடியாது. கூடவே ஒரு சீட்டு தொங்கும், அதில் 'பாரம்பரியம்' என்று இருக்கும். யாரோட பாரம்பரியம்? கட்ச் பகுதியில் அஜ்ரக் அச்சு அடிப்பவர்கள் முஸ்லிம் கத்ரிகள். 2001 பூகம்பத்துக்குப் பிறகு தமடக்காவில் தண்ணீர் கெட்டுப்போய், அஜ்ரக்பூர் என்று புது ஊரே கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். 'இந்து மரபு' என்று நினைத்து அதைப் போர்த்திக்கொண்டு திரிகிறவர்களுக்கு இது தெரியுமா?

வேலை சாதாரண வேலையில்லை. தேக்குக் கட்டையில் பூவைச் செதுக்க வேண்டும். துணியின் கஞ்சி போகத் துவைத்துக் கடுக்காயில் ஊற வைக்க வேண்டும். சிவப்புக்குப் படிகாரம், கறுப்புக்கு வெல்லத்தில் ஊறிய இரும்புத் துரு. நீலத்தில் வெள்ளைப் பூ வேண்டுமானால் சுண்ணாம்பும் பிசினும் குழைத்து அச்சடித்து, அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். பிசின் பிடித்த இடத்தில் நீலம் ஏறாது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி பச்சையாகத்தான் இருக்கும், காற்றுப் பட்டபிறகே நீலமாகும். அந்த அவுரியைச் செய்ய, இலையோடு ஊறவைத்த தண்ணீரை மணிக்கணக்கில் அடித்துக் கலக்க வேண்டும். திண்டிவனம் பக்கம் ஆட்கள் தொட்டிக்குள் இறங்கிக் காலால் உதைத்துக் கலக்கியிருக்கிறார்கள். நாத்தம் தாங்காது. சீட்டில் அச்சுக்காரர் பெயராவது எப்போதாவது வரும். தொட்டிக்குள் நின்றவர் பெயர் வந்து நான் பார்த்ததில்லை.

இந்த நீலத்தை மரபு எப்படி நடத்தியது? மனுவின் பத்தாவது அத்தியாயம், பிழைப்புக்கு வழியில்லாத பார்ப்பனர்கூட விற்கக் கூடாத சரக்குகளைப் பட்டியல் போடுகிறது. அதில் கள்ளோடு சேர்த்து அவுரியும் இருக்கிறது. அதே அத்தியாயம் சண்டாளர்களுக்கு விதிப்பது பிணத்தின் உடை. இன்று அவுரி சாயம் 'சாத்வீகம்', 'புனிதம்' என்றெல்லாம் பேசுகிறார்கள். விற்கத் தொடங்கியதும் தீட்டு எங்கே போச்சோ!

சாயத்தை விடுங்கள், துண்டுக்கு வருவோம். ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது என் தாத்தா தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார், இல்லாவிட்டால் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டதை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது. நம் தோளைப் பொறுத்தவரை மரபு என்பது இதுதான், தோழர்களே. 1927இல் மகாத்தில் அம்பேத்கர் நம் பெண்களிடம், தீண்டாமையை அடையாளம் காட்டும் விதமாகச் சேலை கட்டாதீர்கள் என்று பேசியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

தொழிற்சாலைச் சாயத்தை வெறும் கெடுதல் என்று நான் பார்க்காததற்கும் இதுவே காரணம். வேர்ச்சிவப்பின் சரக்கை ஜெர்மன்காரர்கள் 1868இல் ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதனால் அவுரி பயிரிட்டவர்கள் நொடிந்துபோனார்கள், உண்மைதான். ஆனால் கெட்டிச் சாயம் போட்ட மில் துணி சந்தையில் மலிவாகக் கிடைத்ததும், காசு கொடுத்தால் யாரும் எந்த நிறமும் உடுத்தலாம் என்றானது. தடை போட்டவர்களுக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

ரசாயனச் சாயம் செய்த நாசத்தை மறைக்கவும் கூடாது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நிலமுள்ளவன் நஷ்ட ஈடு கேட்டான். அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கியவன் யாரிடம் கேட்பான்? நம்ம துண்டின் நீலத்துக்கும் இதில் பங்குண்டு. தோழர்களின் முதல் காரணத்தை நான் தள்ளாதது இதனால்தான்.

இந்த எல்லைப் பக்கத்தில் அச்சடித்த துணி என்றால் எனக்கு 2018 நவம்பர்தான் ஞாபகம் வருகிறது. சாதி தாண்டிக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஓசூர்ப் பக்கத்து இளம் ஜோடியைக் கொன்று காவிரியில் வீசினார்கள். பிணங்கள் கர்நாடகத்தில், மாண்டியா மாவட்டத்துச் சிவனசமுத்திரத்தில் கிடைத்தன. அந்த இளைஞர் போட்டிருந்த பனியனில் அம்பேத்கர் படமும் ஜெய்பீமும் ஊர்ப்பெயரும் அச்சாகியிருந்தன. அதை வைத்துத்தான் கர்நாடகப் போலீஸ் ஊரைக் கண்டுபிடித்தது. அச்சுக்கட்டையுமில்லை, அவுரியுமில்லை. நம்ம பசங்க காசு போட்டு அடிக்கிற மாதிரியான ஒரு பனியன்.

ஆகவே வாங்குவதென்றால் கேட்டு வாங்குவோம். அவுரித் தொட்டியில் இறங்கியவருக்கு என்ன கூலி, துணி அலசிய பெண்ணுக்கு என்ன கூலி, பட்டறையில் யார் முதலாளி, அச்சுமேசையில் நம்ம பிள்ளைகளுக்கு இடம் உண்டா? பதில் சொல்கிற பட்டறை கிடைத்தால், நம்ம பையன்கள் இரண்டு பேர் அங்கே போய்த் தொழில் கற்றுக்கொள்ளட்டும். அதற்கு நானும் சந்தா தருகிறேன். அதுவரைக்கும் மேடையில் இருப்பவர்களுக்கு அவுரித் துண்டு, கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாலியெஸ்டர் துண்டு என்கிற ஏற்பாட்டுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.