அடிவாரத்தை விட்டுவிட்டுக் காப்பகமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் 1988-இல் உருவானது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. பலகை மாறினால் போதுமா? இந்த அணில் தரையில் இறங்க விரும்பாது. கிளைக்குக் கிளை தாவித்தான் இரை தேடும், உயரத்தில் இலைக்கூடு கட்டும். ஓடைக்கரையில் புளியும் மாவும் கிளை கோத்து நிற்கும்வரைதான் அதற்குப் பாதை. செண்பகத்தோப்பிலும் ராஜபாளையம் அய்யனார்கோவில் பக்கமும் அடிவாரப் பட்டா நிலங்களில் பழைய மரங்களை வெட்டி மின்வேலி போட்டால், அணிலுக்கும் வழியில்லை, தண்ணீருக்கு இறங்கும் யானைக்கும் வழியில்லை. யானையால் விவசாயிக்கு வரும் பயிர் நஷ்டம் நிஜம். இழப்பீட்டுக்கு அவரை அலையவிடக் கூடாது. ஆனால் தோப்பை மனையாக்கக் கேட்டு வரும் கோப்பை, வனத்துறையைக் கேட்காமல் மாவட்ட நிர்வாகம் நகர்த்தக் கூடாது. ராஜபாளையத்தின் குடிநீரில் ஒரு பகுதியும் இந்தக் காப்பக மலையிலிருந்துதான் இறங்குகிறது.