மர பொம்மை இருந்தால் பின்லாந்தா?

எங்கள் குர்கான் குடியிருப்புக்கு எதிரே புதிதாக ஒரு பிளே ஸ்கூல். வாசலில் பெரிய பலகை: "பின்லாந்து முறைக் கல்வி". மூன்று வயது மகளுக்கு இடம் கேட்டுப் போனேன். மர பொம்மைகள், மணல் தொட்டி, கூடவே என் இன்ஜினியரிங் படிப்புச் செலவையே தூக்கிச் சாப்பிடும் ஃபீஸ். வாயை மூடிக்கொண்டு கட்டிவிட்டும் வந்தேன்.

வந்ததிலிருந்து ஒரே எரிச்சல். பின்லாந்து என்றால் மர பொம்மையா? அங்கே 1973-லேயே குழந்தைகள் காப்பகத்துக்குச் சட்டம் போட்டார்கள். 1996 முதல் பள்ளி வயதுக்குக் கீழே உள்ள எல்லாக் குழந்தைக்கும் அது உரிமை. வருமானத்துக்குத் தக்க கட்டணம்; இல்லாதவர்களுக்கு இலவசம். பக்கத்து ஸ்வீடனில் பெற்றோர் விடுப்பு 480 நாள், அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. அப்பாவும் பிள்ளை பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பிரான்ஸில் 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம்.

நம் நாட்டில்? 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள வாண்டுகளுக்காக அரசு 'முயற்சி செய்யும்' என்கிறது அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு. முயற்சி போதவில்லை என்று யார் கோர்ட்டுக்குப் போக முடியும்?

"அதெல்லாம் குட்டி நாடு, நமக்கு ஆகுமா?" என்பார்கள். ஏன் ஆகாது? 1975-ல் ஐ.சி.டி.எஸ். தொடங்கினோம். இன்று 13 லட்சத்துக்கு மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆனால் அதை நடத்தும் பெண்ணுக்கு மத்திய அரசு 2018-ல் உயர்த்தி அறிவித்த தொகை மாதம் 4500 ரூபாய். மாநிலங்கள் மேலே கொஞ்சம் போடும். அதற்குப் பெயர்கூடச் சம்பளம் இல்லை, மதிப்பூதியம்! அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022-ல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் மகளைப் பார்த்துக்கொள்ளும் தீதிக்கும் மூன்று வயதில் ஒரு பையன். அவர்கள் பக்கத்து அங்கன்வாடி மதியமே மூடிவிடும். தீதி வீடு போய்ச் சேர இரவு ஏழு ஆகும். அதுவரை அவனைப் பார்த்துக்கொள்வது எட்டு வயது அக்கா. அதனால் அவள் பள்ளிக்கு ஒழுங்காகப் போவதில்லை. 26 வாரப் பேறுகால விடுப்பு 2017-ல் வந்தது என் மனைவிக்கு, தீதிக்கு அல்ல.

என் மகள் மணலில் விளையாட, இன்னொரு பெண் குழந்தை வகுப்பை விடுகிறாள். இதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

கல்வி உரிமையை மூன்று வயதுக்குக் கொண்டு வாருங்கள். அங்கன்வாடியை மாலை வரை திறந்து வையுங்கள். அங்கே வேலை செய்கிறவருக்குச் சம்பளம் கொடுங்கள். அதன் பிறகு பின்லாந்து என்று பலகை மாட்டுவோம்.