பழுது கற்பிக்கும் பாடம்

வீட்டில் மின்விசிறி சுழலாவிட்டால், சோறு சமைக்கும் மின்கலன் சூடேறாவிட்டால், "புதியது எங்கே மலிவாகக் கிடைக்கும்?" என்றுதான் இன்று பலரும் முதலில் கேட்கின்றனர். "இது ஏன் ஓடவில்லை?" என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டனர். முதல் கேள்விக்கு விடை கடையில் இருக்கிறது. இரண்டாம் கேள்விக்கு விடை அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பொறுமையாக ஆராய்ந்துதான் கண்டறிய வேண்டும். அவ்வாறு ஆராயும் திறனை இளையர்கள் பள்ளிப் பருவத்திலேயே பெறுவது அவசியம். அதனைக் கற்றுத்தருவதற்குப் பழைய மின்தட்டச்சுப்பொறி மிகவும் ஏற்ற ஒரு கருவியாகும்.

கணினியும் அச்சுப்பொறியும் பரவுவதற்கு முன், கடிதங்களும் அறிக்கைகளும் தட்டச்சுப்பொறியில்தான் உருவாயின. கையால் இயங்கும் பொறியில் எழுத்தைத் தாளில் பதிக்கத் தேவையான விசை முழுவதையும் விரல்களே தர வேண்டும். மின்தட்டச்சுப்பொறியில் அந்த வேலையை ஒரு மோட்டார் ஏற்றுக்கொண்டது. விரல் மெல்ல அழுத்தினால் போதும். இத்தகைய பொறிகளுள் புகழ்பெற்றது ஐபிஎம் நிறுவனம் 1961ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய 'செலெக்ட்ரிக்' ஆகும்.

செலெக்ட்ரிக் பொறியில் எழுத்துகளைத் தாங்கிய தனித்தனிக் கம்பிகள் இல்லை. அவற்றுக்குப் பதிலாகக் கோல்ஃப் பந்தின் அளவுள்ள ஓர் உருண்டை இருக்கிறது. அதன் மேற்பரப்பில் 88 எழுத்துகளும் குறிகளும் புடைப்பாக அமைந்துள்ளன. ஒரு விசையை அழுத்தியதும் அதன் அடியிலுள்ள உறுப்புகள் நகர்கின்றன. அந்த அசைவு மெல்லிய உலோக நாடாக்களின் வழியாக உருண்டையை எட்டுகிறது. உருண்டை சாய்ந்து, சுழன்று, உரிய எழுத்தைத் தாளுக்கு நேராகக் கொண்டுவந்து அடிக்கிறது. இவை அனைத்தும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிகின்றன. ஆயினும் இதில் கணினிச் சில்லு எதுவும் இல்லை, மென்பொருளும் இல்லை. மோட்டார் விசையைத் தருகிறது. எந்த எழுத்து என்பதை நெம்புகோல்களும் சுருள்வில்களும் முடிவு செய்கின்றன. அதனால், பொறி பழுதடைந்தால் அதன் காரணத்தைப் பெரும்பாலும் கண்ணால் காணலாம். கையால் தொட்டு உணரலாம். கற்பவருக்கு இது பெரும் வாய்ப்பு.

பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த ஒரு பொறியை எடுத்துக்கொள்வோரின் நிலையைப் பார்ப்போம். சுவிட்சைத் தட்டினால் எந்த ஓசையும் இல்லை. அனுபவமில்லாதவர் மோட்டார் எரிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டக்கூடும். அனுபவம் வாய்ந்தவரோ வெளியிலிருந்து உள்ளே செல்வார். அதே மின்துளையில் வேறொரு விளக்கைச் செருகி, மின்சாரம் வருகிறதா என்று முதலில் பார்ப்பார். பிறகு மின்கம்பி, சுவிட்ச், ஃபியூஸ் என ஒவ்வொன்றாகச் சோதிப்பார். பொறியின் பின்புறத்திலோ அடியிலோ உள்ள தகட்டையும் படிப்பார். அமெரிக்காவில் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்ட பொறி 120 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவது. சிங்கப்பூரில் வீடுகளுக்கு வருவதோ 230 வோல்ட். அந்தத் தகட்டைப் படிக்காமல் நேரடியாக இணைத்தால், நன்றாக இருந்த மோட்டாரும் வீணாகிவிடும்.

மோட்டார் 'உம்' என்று உறுமுகிறது; ஆனால் சுழலவில்லை. இது மற்றொரு நிலை. உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். இல்லையேல் மோட்டார் சூடேறிக் கெடும். பிறகு, இயங்கு பகுதியைக் கையால் மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அது இறுகிக் கிடந்தால், பழைய கிரீஸ் காய்ந்து பசைபோல் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. தடையின்றிச் சுழன்றால், பழுது மின்பகுதியில் இருக்கலாம். மோட்டாரைத் தொடக்கிவைக்கும் மின்தேக்கி செயலிழந்திருக்கலாம். ஒரே ஒரு சிறு சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

மோட்டார் நன்றாகச் சுழல்கிறது. ஆனால் எந்த விசையை அழுத்தினாலும் எழுத்து விழவில்லை என்றால், விசை தோன்றும் இடத்தில் குறையில்லை. அது சென்று சேரும் வழியில்தான் குறை. பெல்ட் அறுந்திருக்கலாம் அல்லது நழுவியிருக்கலாம். செலெக்ட்ரிக் பொறிகளில் மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் பகுதியிலுள்ள நைலான் உறுப்பு, வயதானதும் விரிசல் விடுவது பழுதுபார்ப்போர் நன்கறிந்த குறையாகும். உள்ளங்கையில் அடங்கும் அந்த ஒரு துண்டு உடைந்ததால் முழுப் பொறியும் பயனற்றதாகத் தோன்றும்.

தவறான எழுத்து விழும்போது ஆராய்ச்சி இன்னும் சுவையாகிறது. ஒரே ஒரு விசை மட்டும் தவறு செய்தால், குறை அந்த விசைக்கு உரிய உறுப்பில் இருக்கும். எல்லா விசைகளும் தவறு செய்தால், அவை அனைத்துக்கும் பொதுவான ஒன்றில், அதாவது உருண்டையிலோ அதைச் சுழற்றும் நாடாவிலோ, குறை இருக்கும். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் சரியாக விழுந்து பேரெழுத்துகள் மட்டும் பிசகினால் என்ன பொருள்? உருண்டையின் ஒரு பாதியில் சிற்றெழுத்துகளும் மறு பாதியில் பேரெழுத்துகளும் உள்ளன. ஆகவே, உருண்டையை அரைச் சுற்றுச் சுழற்றும் பகுதியைத்தான் பார்க்க வேண்டும். எழுத்து மங்கலாக விழுந்தாலோ, வேறெதையும் தொடுவதற்கு முன் மை நாடாவை மாற்றிப் பார்ப்பதே முறை. எளிய காரணம் இருக்கும்போது கடினமான காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இவ்வெடுத்துக்காட்டுகளில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. முதலில் அறிகுறியைக் கூர்ந்து கவனித்தல். அடுத்து, அது எந்தப் பகுதியைச் சேர்ந்தது எனப் பிரித்தறிதல். பின்னர், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தல். இறுதியாக, கண்டறிந்ததைச் சரிசெய்தல். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் அறிந்த பிறகே அதைத் தணிக்கும் வழியை நாட வேண்டும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியுறுத்துகிறார். மருத்துவருக்குப் பொருந்தும் இந்த நெறி, திருப்புளியைக் கையில் எடுப்பவருக்கும் அப்படியே பொருந்துகிறது. அறிவியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் கற்கும் முறையும் இதுவே.

காரணம் அறியாமல் செய்யும் அவசர மருத்துவம் பொறிக்கும் தீங்கு தரும். இறுகிய பாகங்களின் மீது கையில் கிடைத்த எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. பொறி சில நாள்களுக்கு இளகினாற்போல் தோன்றும். பின்னர் அந்த எண்ணெயில் தூசி ஒட்டும். மீண்டும் முன்னைவிட மோசமாக இறுகும். பழைய கிரீஸை முழுமையாகத் துடைத்தெடுத்து, வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் இடுவதே நிலையான தீர்வு. அதற்கு ஒரு நாள் முழுவதும் ஆகலாம். குறுக்குவழி எப்போதும் குறைந்த வழியன்று என்பதை இந்தப் பொறி சொல்லாமல் சொல்லிக்கொடுக்கிறது.

அரை நூற்றாண்டைக் கடந்த பொறிகளும் இன்றுவரை உயிர்பெற்று எழுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அவை திறக்கப்படுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. மேல்மூடியைத் தூக்கினால் உள்ளிருப்பது தெரியும். பாகங்கள் திருகாணிகளால் பிணைக்கப்பட்டுள்ளன. பாகங்களின் படங்களும் எண்களும் கொண்ட கையேடுகள் பழுதுபார்ப்போருக்காக அச்சிடப்பட்டன. அவை இன்றும் உதவுகின்றன. இன்றைய கருவிகள் பலவற்றின் நிலை வேறு. மின்கலம் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். மூடியைக் கழற்றத் தனிக் கருவி தேவைப்படும். உதிரிப்பாகம் கிடைப்பதும் அரிது. திறக்க முடியாத பொருளைப் பயன்படுத்தும் தலைமுறை, திறந்து பார்க்க வேண்டும் என்னும் எண்ணத்தையே இழந்துவிடக்கூடும்.

இதன் விளைவு குப்பையில் தெரிகிறது. ஐக்கிய நாட்டு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 62 மில்லியன் டன் மின்கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுபயனீடு செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு உண்டாவதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் தெரிவித்துள்ளது. 2021 ஜூலை 1 முதல் மின்கழிவைச் சேகரிக்கும் பொறுப்பு, பொருளை உற்பத்தி செய்பவர்களையும் இறக்குமதி செய்பவர்களையும் சேர்ந்தது என்று சட்டம் வந்துள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆனால், மறுபயனீடு என்பது பொருள் இறந்த பிறகு செய்யும் வேலை. பழுதுநீக்கம் அதன் ஆயுளையே நீட்டிக்கிறது.

குப்பையோடு சேர்ந்து மறைவது இன்னொன்றும் உண்டு. அது கைத்திறன். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. பழைய கருவிகளைப் புரட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்கும் இடமொன்று அதோடு மறைந்தது. தட்டச்சுப்பொறியின் ஓசையைக் கேட்டே குறையைச் சொல்லக்கூடியவர்கள் முதுமை எய்திவிட்டனர். எந்தத் திருகாணியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்னும் விரல்நுனி அறிவு கையேட்டில் முழுமையாக எழுதப்படுவதில்லை. அது அருகிருந்து பார்த்துப் பழகுவோருக்கே கைவரும். கற்க யாரும் முன்வராவிட்டால், அது அவர்களோடு முடிந்துவிடும்.

இக்கருத்தை மறுப்பவர்களும் உள்ளனர். "தட்டச்சுப்பொறியை இன்று யார் பயன்படுத்துகிறார்கள்? காலாவதியான ஒன்றைப் பழுதுபார்க்கக் கற்று என்ன பயன்?" என்பது அவர்களது கேள்வி. மாணவர்கள் மீண்டும் தட்டச்சுப்பொறியில் எழுத வேண்டும் என்று யாரும் கூறவில்லை. அதில் பயிலும் ஆராயும் முறைதான் முக்கியம். 'மின்சாரம் வருகிறதா, மோட்டார் சுழல்கிறதா, விசை சென்று சேர்கிறதா' என்னும் மூன்று கேள்விகளும் மின்விசிறிக்கும் சலவை இயந்திரத்துக்கும் பொருந்துபவை. கணினி நிரலில் பிழை தேடுபவரும் இதே வழியில்தான் சிந்திக்கிறார்.

"பழுதுபார்க்கும் செலவில் புதியதையே வாங்கிவிடலாமே" என்பது அடுத்த வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. மிகுதியான மின்சாரத்தை விழுங்கும் மிகப் பழைய குளிர்பதனப் பெட்டியைக் காப்பாற்றுவதைவிட மாற்றுவதே சிறந்ததாக இருக்கலாம். ஆனால், பழுது என்னவென்று தெரியாமலேயே புதியதை வாங்குபவரால் இரண்டு செலவுகளையும் எப்படி ஒப்பிட முடியும்? சில வெள்ளி மதிப்புள்ள ஃபியூஸுக்காகப் பொருள் முழுவதையும் இழப்பது சிக்கனம் ஆகாது.

பாதுகாப்பைப் பற்றிய அச்சம் முற்றிலும் நியாயமானது. மின்கருவியைத் திறக்கும் முன் செருகியைக் கழற்றியே ஆக வேண்டும். மின்தேக்கி, மின்சாரம் நின்ற பின்னும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். நுண்ணலை அடுப்பு போன்றவற்றைப் பயிற்சி பெறாதவர் திறக்கவே கூடாது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அறிவதும் இக்கல்வியின் ஒரு பகுதியே. அதை ஆசிரியரின் கண்காணிப்பில் கற்பதே பாதுகாப்பானது.

ஆகவே, செய்ய வேண்டியவை தெளிவாக உள்ளன. பள்ளிகளில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தில் மாணவர்கள் புதிய பொருள்களை உருவாக்குகின்றனர். பழுதான ஒரு பொருளைப் பிரித்து, குறையைக் கண்டறிந்து, அதைப் பற்றிக் குறிப்பு எழுதும் பயிற்சிக்கும் அங்கே இடம் வேண்டும். 2014இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'ரிப்பேர் கோப்பித்தியாம்' திட்டத்தில், தொண்டூழியர்கள் குடியிருப்பாளர்களுடன் அமர்ந்து அவர்களது பொருள்களைப் பழுதுபார்க்க வழிகாட்டுகின்றனர். மாணவர்கள் இத்தகைய முயற்சிகளில் பங்கேற்றால், மூத்தோரின் அனுபவம் இளையரைச் சென்றடையும். பிரான்சில் 2021 முதல் மடிக்கணினி போன்ற சில பொருள்களை விற்கும்போது, அவற்றை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை என்னும் புள்ளியாகக் காட்ட வேண்டும். அத்தகைய ஏற்பாடு இங்கும் வந்தால், வாங்குவோர் விலையோடு சேர்த்து ஆயுளையும் எண்ணிப் பார்ப்பர்.

எல்லாப் பொருள்களையும் காப்பாற்ற முடியாது. எல்லாரும் பழுதுநீக்கும் வல்லுநர் ஆக வேண்டியதும் இல்லை. எனினும், ஒரு பொருளைத் தூக்கி எறிவதற்கு முன் அது ஏன் நின்றது என்று கேட்கும் பழக்கம் ஒவ்வொருவருக்கும் வேண்டும். காரணம் தேடும் அந்தப் பழக்கம், பொறிகளோடு மட்டும் நின்றுவிடாமல், வாழ்வில் எதிர்ப்படும் மற்றச் சிக்கல்களிலும் இளையருக்குத் துணைநிற்கும்.