ரேகையும் சாட்சியும்

சென்ற மாதம் என் கிராமத்திற்குப் போயிருந்தபோது, மாரியம்மன் கோயில் திண்ணையில் வங்கியின் சார்பாகக் கைக்கருவியோடு உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவரின் முன்னால், முதியோர் உதவித்தொகை வாங்க வந்த கிழவி ஒருத்தி, தன் பெருவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து மூன்று முறை வைத்ததையும், மூன்று முறையும் அக்கருவி அதை ஏற்காததையும் பார்த்துக்கொண்டு நின்றேன். "ரேகை விழலை, நாளைக்கு வா ஆத்தா" என்றார் அவர். "போன மாசம் விழுந்துச்சே தம்பி" என்று சொல்லி, மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக அவள் நீட்டினாள்.

இந்த ரேகைக்கு நம் தேசத்தில் நீண்ட சரித்திரம் உண்டு. 1858-ல், வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடும் பொருள்களைத் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையை ஒப்பந்தப் பத்திரத்தில் பதிய வைத்தார். பிற்பாடு 1877-ல் ஹூக்ளியில், பென்ஷன்காரர்களின் பெயரில் வேறு ஆட்கள் வந்து பணம் பெற்றுச் செல்லாதிருக்க விரல் ரேகையையே பிரமாணமாக வைத்தார். ஆகவே, பென்ஷனுக்கு ரேகை கேட்கும் வழக்கம், பணம் வாங்க வருபவர்மீது கொண்ட சந்தேகத்திலிருந்தே பிறந்தது.

பத்துவிரல் ரேகைகளையும் இரு கருவிழிகளையும் பதிந்துகொண்டு 2010-ல் வழங்கத் தொடங்கிய ஆதார் எண், பள்ளிச் சான்றோ பட்டாவோ இல்லாத கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வங்கிக் கணக்கின் வாசலைத் திறந்தது என்பதையும், பேருந்துச் செலவில்லாமல் சொந்த ஊர்த் திண்ணையிலேயே பணம் எடுக்கும் சௌகரியத்தைத் தந்தது என்பதையும் நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால், 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரியே அளித்த விவரப்படி, அரசுச் சேவைகளில் இந்தச் சரிபார்ப்பு வெற்றி பெற்றது நூற்றுக்கு 88 முறைதான். எஞ்சிய பன்னிரண்டில் யார் யார் இருப்பார்கள் என்பதை ஊகிக்க அதிக சிரமம் வேண்டாம்: சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் களைச் சேற்றிலும் விரல் தேய்ந்தவர்கள், முதுமையால் தோல் உலர்ந்து வரிகள் மங்கியவர்கள். உதவித்தொகை யாருக்காக ஏற்பட்டதோ, அவர்களுடைய விரல்தான் கருவிக்கு எளிதில் பிடிபடுவதில்லை.

மாற்று வழி வேண்டும் என்று சுற்றறிக்கைகள் வந்திருக்கின்றன. என் அபிப்பிராயத்தில் அந்த மாற்று வழி நம்மிடம் முன்பே இருந்தது. பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள்: இடது பெருவிரல் ரேகைக்கு அருகில், இவர் இன்னார்தான் என்று நிரூபித்தவர்களின் கையொப்பமும் இருக்கும். மை மங்கினாலும் மனுஷர் இருந்தார். கருவி வந்தபோது ரேகையை மட்டும் வைத்துக்கொண்டு அந்தச் சாட்சியை அனுப்பிவிட்டோம். ரேகை விழாத இடத்தில், ஊரறிந்த இருவரின் ஒப்பத்தோடு அன்றைக்கே பணம் கொடுக்கவேண்டும் என்றும், மறுநாள் வரச் சொல்லும் அதிகாரம் எவருக்கும் கிடையாது என்றும் சட்டத்திலேயே எழுதவேண்டும்.

அன்று திண்ணையில் பூசாரி இருந்தார், பஞ்சாயத்து உறுப்பினர் இருந்தார். அந்த இளைஞரோ அவளுக்கு அடுத்த தெருக்காரர். அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். பத்தாவது விரலும் விழாமற்போகவே, பாஸ் புத்தகத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் வெயிலில் இறங்கி நடந்தாள்.