வன்னியில் படமெடுக்க என்ன இருக்கிறது?

இவ்வினாவை வன்னியிலே பிறந்து வளர்ந்த மாணவர் வாயிலிருந்தே கேட்க நேர்வது வருந்தத்தக்கது. கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லவுக்கும் சீகிரியாவுக்கும் செல்லும் இவர்கள், ஊர் திரும்பியதும் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். வெளியிலிருந்து வருவோர் வேறொரு வகையினர். அவர்களுக்கு வன்னி என்றால் சன்னம் துளைத்த சுவர், அழும் தாய், 2009. கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கியை எத்தனை கமராக்கள் மொய்த்தன! அவ்வழியே தண்ணீர்க் கானோடு சைக்கிளில் சென்றவரை எத்தனை பேர் நோக்கினர்?

பொருள் பெரிதாயிருந்தாற்றான் படம் பெரிதாகும் என்பதே இவ்விரு சாராரதும் மயக்கம். குடியேற்றக்காலக் கலையகங்கள் எம்மக்களை இன மாதிரிகளாக நிறுத்திப் படமெடுத்து விற்றன. பின்வந்த லயனல் வென்ட் (1900–1944) மீனவரையும் கிராமத்தவரையும் கலையின் பொருளாக்கினார். கொழும்பு மேட்டுக்குடியினரான அவரது பார்வையிற் குறை காணலாம், காணவும் வேண்டும். ஆயினும் அவர் பார்த்தார். 1976இல் நியூயோர்க் நவீன கலைக்கூடத்தில் வில்லியம் எகிள்ஸ்டன், மெம்பிஸ் நகரத்துச் சாதாரண தெருக்களையும் வீடுகளையும் வர்ணப்படங்களாகக் காட்சிக்கு வைத்தபோது, சலிப்பூட்டுபவை என விமர்சகர் சாடினர். அப்படங்கள் நிலைத்துவிட்டன.

இரணைமடு வாய்க்காலில் நீர் திறந்துவிட்ட காலைப்பொழுது, தார் வீதியோரம் காயப் பரப்பிய நெல், லாண்ட்மாஸ்டர் பெட்டியில் நெருக்கியமர்ந்த பிள்ளைகள், அகதி முகாமிலிருந்து வந்து இன்று கோழிக்கூட்டின் கூரையாகிவிட்ட தறப்பாள் ஆகியவை படமாகாவெனின் வேறெவை ஆகும்? (அத்தறப்பாள் ஒன்றே போதும், அதில் யுத்தமும் உண்டு, முட்டையும் உண்டு.)

"துயரத்தை விட்டுவிட்டு அடுப்படியைப் படமெடுப்பதா?" எனச் சில தோழர்கள் சினப்பர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். அவர்கள் ஏந்திய படங்கள் எவை? அடையாள அட்டைக்கு எடுத்தவை. கலியாண வீட்டுக் கூட்டத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தவை. கலைஞன் எவனும் பொருட்படுத்தாத சாதாரண படங்கள். இடப்பெயர்விலே அல்பத்தைத் தொலைத்த வீடுகளில் அதுவும் இல்லை. படலையைத் திறந்துகொண்டு மண்வெட்டியோடு வந்த ஐயாவை ஒருநாள் ஒருவர் படமெடுத்திருந்தால், அந்த வீட்டில் இன்று ஒரு முகமாவது இருந்திருக்கும்.

ஆகவே புகைப்படப் போட்டி நடத்துவோரிடம் ஒன்று கேட்கிறேன். 'இயற்கை எழில்' என்னும் பிரிவை ஓராண்டு நீக்கிவிட்டு, போட்டியாளரின் வீட்டிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் எடுத்த படங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு வருபவர் எவரெனப் பார்ப்போம்.