பிழையின்றி வாசிக்கவா, வாசிக்கவே விடவா?

பலெர்மோவில் யூன் தொடக்கத்தில் மூடப்படும் பாடசாலைகள் செப்ரெம்பர் நடுப்பகுதியிலேயே மீண்டும் திறக்கப்படுகின்றன. சிலர் உறவினரைக் காணப் பயணமாவர். ஏனையோர் பெல்லெகிரினோ மலையேறிப் புனித றொசாலியாவை வணங்கி இங்கேயே தங்குவர். எங்கிருப்பினும் பிள்ளைகள் தமிழ் நூலொன்றை வாசிக்கவேண்டுமென்பதே தாய்மாராகிய நமது விருப்பம்.

பிறர் வீடுகளில் தூசும் மிஞ்சாமல் துடைத்துப் பழகிய கைகள் நம்மிற் பலருடையவை. அக்கண்டிப்பு வாசிப்பினுள்ளும் புகுந்துவிடுகின்றது. ஒரு வரிக்குள் ளகர, ழகரப் பிழைகள் மும்முறை திருத்தப்படுகையில், பிள்ளை நூலை மூடிவிட்டு இத்தாலிய மொழிக்குத் திரும்பிவிடுகின்றது.

1981இல் யாழ் நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீக்குப் பறிகொடுத்தவர்கள் நாம். வீட்டினுள் ஒலிக்கும் வாசிப்புக் குரலையும் இழக்கலாமா? இக்கோடையில் பிள்ளை பிழையோடேனும் கதையை முடிக்கட்டும். திருத்தம் அதன் பின்னர் வரட்டும்.